விண்கலத்தை இழுத்துக்கொண்டு ஓடியது

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான், என் மனைவி, அவளுடைய தம்பி, பக்கத்து வீட்டு அக்கா. நான்கே பேர். நால்வரும் எம். புதுப்பட்டியில் ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே அறையில் வேலை பார்ப்பவர்கள். அங்கே ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் நான் தலைகளை எண்ணிக்கொள்வேன்.

மழைக்காகக் கம்பெனியை அடைத்திருந்தார்கள். மச்சினன் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டியைப் பிடித்து வந்திருந்தான். எட்டாயிரத்துக்கு வாங்கிக்கொள்ள மதுரையிலிருந்து ஒருவர் மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. அதை வைத்துத்தான் அவன் பைக்குக்கு டியூ கட்ட வேண்டும். தவறினால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள். அதற்குள் ஓடுகிறதா என்று போட்டுப் பார்ப்போம் என்றான். டிவி வெடிக்குமா என்று மூன்று முறை கேட்டேன்.

"மச்சான், அந்தக் காலத்து கேமெல்லாம் தட்டையா ஓடும். இதுல தூரத்துல இருக்குற கல்லு நம்ம மூஞ்சிக்கு நேரா வரும். அதுக்குன்னே கேசட்டுக்குள்ள தனியா ஒரு சிப்பு வச்சிருக்கான்."

திரையில் விண்கலம் வந்தது. வெறும் முக்கோணங்கள். வாத்தியார் முக்கோணத்துக்கு வருவதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் அவற்றில் ஒன்று பெரிதாகிக்கொண்டே வந்தபோது சட்டென்று குனிந்துவிட்டேன்.

"எதுக்குக் குனியுறீக? அது டிவிக்குள்ளதான வருது!" என்றாள் மனைவி.

"நாள் பூரா வெடிமருந்துக்குள்ள கெடக்குற மனுசன், முக்கோணத்துக்குப் போயிப் பயப்படுதாரே!" என்று அக்கா சிரித்தது.

ரோசம் வந்து, ஒயர் வைத்த ரிமோட்டை நானே வாங்கிக்கொண்டேன். நன்றாகத்தான் சுட்டேன். கடைசியில் வந்த பெரிய கப்பல் சிதறி, திரை முழுக்க ஒரே வெளிச்சம். அந்த நேரம் பார்த்து மனைவி என் காதருகில் கத்தினாள்: "ஓடுங்க!"

கம்பெனியில் அந்தச் சொல் காதில் விழுந்தால் யோசிக்கக் கூடாது. முதலில் வெளியே; என்னவென்று பார்ப்பதெல்லாம் பிறகு. அங்கே அறையின் எல்லாப் பக்கமும் வாசல். எங்கள் வீட்டில் ஒன்றுதான். அதில் நான்கு பேரும் முட்டி மோதி வெளியே விழுந்தோம், கத்தியவளும் சேர்த்து. மழையில் நின்று பார்த்தால் என் கையில் ரிமோட். ஒயரின் மறுமுனையில், வாசற்படியில், மூலை உடைந்த பெட்டி.

அது ஓடத்தான் செய்தது. ஆனால் மதுரைக்காரர் மூலையைத் தடவித் தடவிப் பார்த்து ஐயாயிரம்தான் தந்தார். மச்சினன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கத்தியவள்தான் மீதியைத் தர வேண்டும் என்றேன்.

"ஓடுங்கன்னுதான சொன்னேன்? பொட்டியவும் இழுத்துக்கிட்டு ஓடுங்கன்னா சொன்னேன்?"

அக்கா தீர்ப்புச் சொன்னது: "ரிமோட்டு யாரு கையில இருந்துச்சோ, அவுக தலையிலதான்."

மச்சினன் டியூக்காரரிடம் கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கினான். மூவாயிரத்தில் ஆயிரத்து முந்நூறு கொடுத்துவிட்டேன். பாக்கி ஆயிரத்து எழுநூறு ரூபாய்.