கம்மாக்கரை சர்க்யூட்

இங்கே தினமும் காலையில் நான் ஒரு சாலையைக் கூட்டுகிறேன். பஹ்ரைனில், பாலைவனத்துக்கு நடுவே, எங்கேயும் போகாத சாலை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேரும். அதில் பஸ் வராது, ஆடு வராது, பால் கேனைக் கட்டிக்கொண்டு யாரும் சைக்கிளில் போக மாட்டார்கள். வருஷத்தில் சில நாட்கள் பந்தயக் கார்கள் பறக்கும். மற்ற நாட்களில் மணல்தான் வந்து படுத்துக் கிடக்கும். பெரிய பிரஷ் வைத்த வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அதை ஓரமாகத் தள்ளுவேன். மறுநாள் அதே மணல் அதே இடத்தில் இருக்கும். வந்த புதிதில் ஊருக்குப் போன் போட்டு இதைச் சொன்னபோது தனம் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆளில்லாத ரோட்டக் கூட்டவாடா பிளேன் ஏறிப் போன? அதுக்கு இங்கிட்டு வந்து நம்ம ரோட்டக் கூட்டு, உளுந்தாச்சும் காயப் போடலாம்" என்றாள்.

யூசுஃப் என் மேற்பார்வையாளர், இந்த ஊர்க்காரர். கார் பந்தயம் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். தினமும் வண்டிகளை வெளியே எடுப்பதற்கு முன் சாலை முழுவதையும் நடந்தே ஒரு சுற்று சுற்றி வருவார். பாவம், சர்க்கரை வியாதி, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று முதல் வாரம் நான் நினைத்துக்கொண்டேன். விசாரிப்பது மரியாதை என்று, "சுகர், சார்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மறுநாளிலிருந்து எனக்கு வரும் தேநீரில் சர்க்கரை நின்றுபோனது. எனக்குத்தான் வியாதி என்று அவர் புரிந்துகொண்டிருக்கிறார். பல மாதம் கசப்புத் தேநீர் குடித்த பிறகுதான் அவர் நடையின் காரணம் எனக்கு விளங்கியது. தன் காலால் நடந்து பார்க்காத சாலையில் அவர் ஒரு காரையும் ஓட விடமாட்டார்.

அடுத்த வருஷப் பந்தயங்கள் எந்தெந்த ஊரில் என்று பட்டியல் வெளியாகிற நாளில் எங்கள் ஓய்வறை கல்யாண வீடு மாதிரி இருக்கும். எந்தப் பழைய சர்க்யூட்டைக் கழற்றிவிட்டார்கள், எந்த நகரத்து வீதி புதிதாக உள்ளே வந்தது என்று ஆளாளுக்குக் கத்துவார்கள். இந்தியாவில் சில வருஷம் நடத்திவிட்டு ஏன் நிறுத்தினீர்கள் என்று என்னைக் கேட்பார்கள், ஏதோ நான்தான் கையெழுத்துப் போட்டு நிறுத்தியதுபோல. யூசுஃபுக்கு வீதிப் பந்தயங்கள் ஆகாது. "மேப்பில் கோடு போட்டவன் அந்த இடத்தில் போய் நின்றானா?" என்று மேசையைத் தட்டுவார். நானும் பலமாகத் தலையாட்டுவேன். அப்படித் தலையாட்டியவன் செய்த காரியத்தைத்தான் எழுதுகிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது படித்தால் படிக்கட்டும். அந்த ரோட்டைச் சொன்னவன் நான்தான்.

எங்கள் ஊர் அன்னவாசலுக்கும் இலுப்பூருக்கும் நடுவில் இருக்கிறது. அம்மா போனபோது என் தம்பி பாலுவுக்கு நாலு வயது. தனம் அக்காதான் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தாள். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டதும் அவனுக்காகத்தான். இப்போது அவன் இலுப்பூரில் பைக் மெக்கானிக். நான் அனுப்புகிற கார் படங்களைப் பார்த்து அவனுக்குப் பந்தயக் கிறுக்குப் பிடித்தது. அவனும் அவன் கூட்டாளிகளுமாக எட்டுப் பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்து, அதில் என்னையும் சேர்த்தார்கள். எங்கள் ஓய்வறையில் நடக்கிற அதே வாதம் அதில் தமிழில் நடக்கும். எந்த சர்க்யூட் உசத்தி, எந்த வளைவில் முந்தலாம் என்று கண்ணால் காணாத ஊர்களைப் பற்றியெல்லாம் அடித்துக்கொள்வார்கள். சென்னையில் ரோட்டை மறித்துக் கார் விட்டதைப் பார்த்த பிறகு அவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நாமளும் பைக்குல ஒரு சீசன் வப்போம்ணே. மாசி மாசம், மூணு ஞாயித்துக்கெழம, மூணு ரோடு. ரோட்ட மட்டும் நீங்க சொல்லுங்க" என்று பாலு குரல்பதிவு அனுப்பினான்.

அன்றைக்கே நாலு வார்த்தை திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். இங்கே எனக்குப் பெயர்கூடக் கிடையாது. 'பிரதர், இங்கே மணல்' என்று கையைக் காட்டுவார்கள், போய்க் கூட்டுவேன். அங்கே எட்டுப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கூட்டுகிறவன் என்று அவர்களிடம் நான் சொன்னதும் இல்லை. 'டிராக் டிபார்ட்மென்ட்' என்றுதான் சொல்லிவைத்திருந்தேன்.

குழுவில் இருந்த, கோட்டைப்பட்டினத்தில் படகு எஞ்சின் பார்க்கிற பாரூக் கடற்கரைச் சாலையைத்தான் முதலில் சொன்னான். "நேர் ரோடுண்ணே. முறுக்குனா பிச்சுக்கிட்டுப் போவும்." நான் விடவில்லை. மீன் லாரி வரும், பஸ் வரும், நேராகப் போவதெல்லாம் ஒரு பந்தயமா என்று வரிந்து வரிந்து எழுதினேன். மூன்று நாள் சண்டை நடந்தது. கடைசியில் போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, எங்கள் ஊர்க் கண்மாயைச் சுற்றிப் போகிற பஞ்சாயத்து ரோட்டின் மேல் விரலால் சிவப்புக் கோடு போட்டு அனுப்பினேன். முழுச் சுற்று. பஸ் கிடையாது, லாரி கிடையாது. வளைவுகளுக்குப் பெயரும் வைத்தேன்: மடை வளைவு, ஐயனார் வளைவு. கீழே, 'முதல் ஞாயிறு இங்கே வையுங்கள். இருப்பதிலேயே பாதுகாப்பான சர்க்யூட் இதுதான்' என்று எழுதினேன். பாதுகாப்பான என்ற அந்த வார்த்தை இன்னும் குழுவில் அப்படியே கிடக்கிறது.

"நடந்து பாத்தீங்களாடா?" என்று யூசுஃபின் தோரணையில் கேட்கவும் செய்தேன். பாலு சிரித்தான். "நடக்குறதா? பைக்குலயே ரெண்டு சுத்து வந்தாச்சுண்ணே. ரோடு கண்ணாடி மாதிரி கெடக்கு." அவன் பார்த்தது தை மாதத்தில். உளுந்து அப்போது செடியில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் அறுவடை ஆகிவிட்டால் தார் ரோடுதான் களம். நெல்லோ எள்ளோ உளுந்தோ, பாதி ரோட்டை அடைத்துக் கொட்டிப் பரப்பி, வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கல்லை வரிசையாக வைத்துவிடுவார்கள். ஊரில் இருக்கிற யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கும் தெரியாததல்ல. ஆனால் எனக்கு விடுமுறை கிடைப்பது தீபாவளியை ஒட்டித்தான். மாசி மாதம் இங்கே பந்தய வேலை தலைக்கு மேல் இருக்கும். ஒன்பது வருஷமாக நான் எங்கள் ஊரின் மாசி மாதத்தைப் பார்க்கவில்லை. என் நினைவில் இருந்த ரோடு ஐப்பசி மழையில் கழுவிவிட்ட ரோடு. பாலுவும் அவன் கூட்டாளிகளும் ஒர்க்‌ஷாப்பே கதி என்று கிடப்பவர்கள். வயலில் எது எப்போது முற்றுகிறது என்று அவர்களுக்கும் தெரியாது.

முந்தின நாள் சனிக்கிழமை அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். முகமெல்லாம் உளுந்துத் தூசி. "மேகம் கூடிக்கிட்டு வருது தம்பி. செடியப் பூரா அடிச்சாச்சு. நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள மணியக் காய வச்சு அள்ளிரணும்" என்றாள்.

"எங்கக்கா காயப் போடுற?"

"வேற எங்க, கம்மாக்கர ரோட்டுலதான். மடகிட்ட நல்லா வெயில் விழுகும்."

"சரிக்கா, பத்திரமா இரு" என்றேன். எல்லாப் போனையும் நான் அப்படிச் சொல்லித்தான் வைப்பேன். என் முதுகுக்குப் பின்னால் லாரியிலிருந்து டயர்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கம்மாக்கரை ரோடும் என் சிவப்புக் கோடும் ஒன்றுதான் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ரோட்டுக்கு சர்க்யூட் என்று பெயரை மாற்றிவிட்டால் இடமே வேறாகிவிடும் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு குழுவினர் கார்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆள் குறைவு என்று என்னை ஏழாவது வளைவில் கொடியோடு நிறுத்தினார் யூசுஃப். எங்கள் போனெல்லாம் அலுவலகப் பெட்டியில் பூட்டியிருந்தது. பதினொரு மணி இருக்கும். ஒரு கார் ஓரத்தில் இறங்கி ஏறியதில் சரளை ரோட்டின் மேல் இறைந்தது. மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடியைக் காட்டச் சொல்லி யூசுஃப் கத்தினார். முன்னால் ரோடு வழுக்கும் என்பது அதன் அர்த்தம். கொடியைத் தூக்கிக்கொண்டே தாரைப் பார்த்தேன். கறுப்பின் மேல் பொடிப் பொடியாக, உருண்டை உருண்டையாகக் கற்கள். கறுப்பு ரோட்டில் கறுப்பு உளுந்து கிடந்தால் வேகமாக வருகிறவனுக்கு அது ரோடாகத்தான் தெரியும். அக்கா அங்கேதான் நிற்பாள். ஊரில் மணி ஒன்றரை. பந்தயம் இரண்டு மணிக்கு. ஊரே சாப்பிட்டுவிட்டு அசந்திருக்கும் நேரம், அப்போது விடுங்கள் என்று அதையும் நான்தான் சொல்லியிருந்தேன்.

யூசுஃபிடம் ஓடினேன். "சார், மை சிஸ்டர்... ரோட்... பிளாக் தால்..." என்று குழறினேன். அவர் என் தோளைத் தட்டி, "தால்? லன்ச் ட்வெல்வ் தர்ட்டி, பிரதர்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமலேயே தன் போனை எடுத்து என் கையில் வைத்தார். எனக்கு ஒரு எண்கூட மனப்பாடமாகத் தெரியவில்லை. அக்கா எண் தெரியாது, பாலு எண் தெரியாது. பெயரைத் தொட்டுப் பேசியே பழகிவிட்டேன். என் போன் இருந்த அலுவலகம் சாலைக்கு அந்தப் பக்கம். கார்கள் ஓடுகிறபோது குறுக்கே யாரும் கால் வைக்க முடியாது. கொடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காரும் என் எதிரில் வேகம் குறைத்து ஒழுங்காகத் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். மடை வளைவில் கொடி பிடிக்க ஆள் கிடையாது.

நடந்ததைப் பாரூக்தான் பிறகு அழுதுகொண்டே சொன்னான். "பாலுதாண்ணே மொதல்ல வந்தான். அக்கா நடு ரோட்டுல நின்னு உளுந்தக் காலால கெளறிக்கிட்டு இருந்திருக்காங்க. வண்டிய ஒடிச்சுத் திருப்பிட்டாண்ணே. உளுந்து மேல ஏறி, வண்டி இங்கிட்டு, அவன் அங்கிட்டு. பின்னாடி வந்த எங்களுக்கு வண்டிய நிறுத்த எடம் இருந்துச்சு." அக்கா மேல் ஒரு கீறல் இல்லை. காடு கரையெல்லாம் கேட்கும்படி வசவு கொடுத்துக்கொண்டேதான் விழுந்தவனிடம் ஓடியிருக்கிறாள். நான் இங்கிருந்து கொடுத்தனுப்பிய ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் அது யார் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஹெல்மெட்டால் தலை தப்பியது. இடது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி இன்னும் முழுதாக வரவில்லை. பட்டறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலை பார்ப்பது இனி நடக்காது என்கிறார்கள். அக்கா மட்டும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த ரோட்ட அவனுகளுக்கு எந்தப் படுபாவிடா சொன்னது? இவங்கிட்ட கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குறான்." நான்தான் அக்கா என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்து ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டேன். நான் வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள். "நீயாச்சும் அங்கிட்டு இருக்கப் போயித் தப்பிச்ச. இங்க கெடந்திருந்தா நீயும் அவனுக கூடத்தான் திரிஞ்சிருப்ப. நல்லா இருப்பா." சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

போன வாரம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் விடுமுறை முடிந்து திரும்பினார். அவரிடம் அக்கா ஒரு பை உளுந்து கொடுத்தனுப்பியிருந்தாள். "ரோட்டுல காஞ்ச உளுந்து, கல்லு கெடக்கும், பாத்து ஊறப் போடு" என்று போனிலும் சொன்னாள். தட்டில் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் நகத்தளவு ஆரஞ்சு நிறச் சில்லு ஒன்று கையில் தட்டுப்பட்டது. பைக்கின் இண்டிகேட்டர் கண்ணாடி. அதைத் துடைத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் போன் அதிர்ந்தது. பல வாரமாகச் செத்துக் கிடந்த குழு. பாலுவின் குரல்.

"அண்ணே, ஆவணியில ஒரு சீசன் வப்போமான்னு பேசிக்கிறோம். நான் ஓட்டலண்ணே, வளைவுல ஒக்காந்து கொடி புடிக்கிறேன். அந்தக் கோடு போட்ட கொடி ஒண்ணு கொடுத்துவிடுங்க. ரோட்ட மட்டும் நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னாத்தான் அவனுக கேப்பானுக."

இன்னும் நான் பதில் போடவில்லை. வேண்டாம் என்றால் அவர்களாகவே ஒரு ரோட்டை எடுத்துக்கொள்வார்கள். ஆவணியில் எந்த ரோட்டில் என்ன காயும் என்று எனக்குத் தெரியாது. அக்காவைக் கேட்டால் சொல்லுவாள். எதற்குக் கேட்கிறாய் என்றும் கேட்பாள். மறுநாள் யூசுஃப் வருவதற்கு முன்பே போய்விட்டேன். வண்டியை எடுக்காமல் முழுச் சுற்றையும் நடந்தேன். ஏழாவது வளைவில் குனிந்து தாரைக் கையால் தடவிப் பார்த்தேன். அதில் மணலைத் தவிர ஒன்றும் இல்லை. கால்சட்டைப் பையில் இருந்த அந்தச் சில்லு, குனிந்தபோது தொடையில் குத்தியது.