ஜன்னல் கம்பியில் தொங்கிய சர்பத்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்து வயதில், எங்கள் ஊரின் பெரிய பகிடிக்காரன் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான். பள்ளிவாசல் மோதினார் பாங்குக்கு முன் தொண்டையைச் செருமி மைக்கைத் தட்டிப் பார்ப்பதை அப்படியே செய்துகாட்டுவேன். சிரிப்பது உம்மா மட்டும்தான். ஒரேயொரு ரசிகையை வைத்துக்கொண்டு உலகத்தையே வென்றவன் மாதிரித் திரிந்தேன் என்றால், என் மூளையின் அளவை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

அந்த ரசிகையும் சிரிப்பை நிறுத்தியிருந்த காலம் அது. உம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். கொழும்பில் வைத்து ஒரு வருடம் மருந்து ஏற்றினார்கள். அந்த வருடம் முழுக்க நான் தில்லையடியில், எங்கள் வீட்டிலேயே இருக்கும் வாப்பாவின் தங்கச்சியான மாமியின் பொறுப்பில். நோன்புக்குச் சற்று முன் ரிப்போர்ட் வந்தது: நோய் இல்லை. வாப்பா பள்ளிவாசல் கஞ்சிக்கு அரிசி கொடுத்தார். மாமி, "அல்ஹம்துலில்லாஹ், இனி ஒண்டுமில்ல" என்று வீடு வீடாகச் சொல்லிவந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போய்க் காட்ட வேண்டியது மட்டும்தான் மிச்சம். நோய் திரும்பினால் ஆரம்பத்திலேயே பிடிக்க அதைவிட வேறு வழியில்லை. முதல் கிளினிக், நோன்புக்குள்ளேயே வரும் ஒரு திங்கட்கிழமை.

உம்மாவுக்கு முடி திரும்ப முளைத்துவிட்டது. ஆனால் வாசலில் வேன் ஒன்று நின்றால் குசினிக்குள் போய்விடுவார். மாமி மூட்டுவலிக்குப் பூசும் மருந்தின் வாசம் வந்தால் ஓங்காளிப்பார். அந்த நோன்புக்கு எங்கள் வீட்டில் சர்பத்தும் இல்லை. கேட்டதற்கு வாப்பா, "இந்த வருசம் இளநி போதும்" என்றார். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சிவப்புச் சர்பத் இல்லாமல் நோன்பு திறப்பதா? பெரிய அநியாயமாகப் பட்டது.

அதற்கு முந்தின சனிக்கிழமை பின்னேரம் பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்கப் போனவன், வரும் வழியில் சந்திக் கடையில் ஒரு சர்பத்தும் வாங்கினேன். கொண்டுபோகிறவர்களுக்குப் பொலித்தீன் பையில் ஊற்றி, ரப்பர் பட்டியால் வாயை இறுக்கி, ஒரு ஸ்ட்ரோவைச் செருகித் தருவார்கள். பையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் அந்த மகா யோசனை வந்தது. சேலைன்!

உம்மாவின் கதிரைக்கு மேலே ஜன்னல் கம்பியில் பையைத் தொங்கவிட்டேன். வாப்பாவின் வெள்ளைச் சேர்ட்டை மாட்டிக்கொண்டேன். பாங்குக்கு இன்னும் பத்து நிமிடம். உம்மா பட்டீஸ் தட்டோடு வந்தார்.

"வாங்க, வாங்க! டொக்டர் வந்திருக்கேன். கைய நீட்டுங்க!"

உம்மா பையைப் பார்த்தார். தட்டைப் பாயில் மெதுவாக வைத்தார். கதிரையில் வந்து உட்கார்ந்தார். இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கையை நீட்டி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உம்மா நடிக்கிறார்! என்னைவிட நன்றாக நடிக்கிறார்! "கொஞ்சமாத்தான் நோகும்" என்று விரலால் கையில் குத்தினேன்.

கை ஐஸ்கட்டியாக இருந்தது. முழங்கையிலிருந்து வியர்வை சொட்டியது. உதடுகள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.

"உம்மா?"

உதடுகள் எண்ணுவதை நிறுத்தவில்லை.

"உம்மா, பகிடிக்கு. இது சர்பத்."

அப்போதுதான் என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதியப் பிடித்தார். அடுத்த கணம் மடியிலேயே வாந்தி.

மாமி ஓடிவந்தார். "யா அல்லாஹ், ஜின் பார்வை! ஓதின தண்ணியக் கொண்டாங்க!" அந்த மூச்சிலேயே, "தானா வந்த வாந்திதானே, நோன்பு முறியாது" என்று மார்க்கத் தீர்ப்பையும் சொல்லிவிட்டார். வாப்பா பையைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தார். மணல் சிவந்தது. என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதிரைக்கு முன்னால் தரையில் குந்தி, "இது நம்மட வீடு. கொழும்பில்ல. இந்தா, நான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தை யாரும் தொடவில்லை. உம்மாவின் கண்கள் திறந்துதான் இருந்தன, எங்களைத்தான் பார்க்கவில்லை.

உம்மாவுக்கு ஏற்றிய மருந்து சிவப்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது. தண்ணீர் நிறமென்றுதான் நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மணிக்கட்டு வலிக்கிறது, உம்மா என்னைத் தண்டிக்கிறார் என்பதுதான். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஓடிப்போனேன்.

திங்கட்கிழமை விடிய வேன் வந்தது. உம்மா அறைக்கதவை உள்ளே பூட்டிக்கொண்டார். வேன்காரர் ஹோன் அடிக்க அடிக்க, வாப்பா கதவில் நெற்றியை வைத்துக் கெஞ்சினார். ஊரின் பெரிய பகிடிக்காரன் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். அடுத்த கிளினிக்குக்கும் உம்மா போகவில்லை. நோய் உள்ளே திரும்பியிருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாமலே மாதங்கள் போயின. உம்மா ஒருமுறை இருமினால் போதும், வீட்டில் எல்லோருடைய கையும் அப்படியே நின்றுவிடும்.

கடைசியில் வாப்பா ஒரு மனநல டொக்டரைத் தேடிப் பிடித்தார். நோய் போன பிறகும் அதன் பயம் உடம்புக்குள் தங்கிவிடும், அதுவும் ஒரு நோய்தான், அதற்கும் வைத்தியம் உண்டு என்று அவர் சொன்னார். மாமிக்கு மட்டும் ஜின்னைக் கைவிட மனமில்லை. உம்மா வாராவாரம் அவரிடம் நடந்தே போனார். முதலில், நின்றிருந்த வேனில் சும்மா ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்கினார். பிறகு கொழும்பு வழியில் மதுரங்குளி வரை போய்த் திரும்பினார். பிறகு ஒருநாள் கொழும்பு. நோய் திரும்பியிருக்கவில்லை. வாப்பா அன்று வேனுக்குப் பின்னால் போய் நின்று அழுதார்.

இப்போதெல்லாம் வருடத்துக்கு ஒரு கிளினிக்தான். நான்தான் கூட்டிப்போகிறேன். போன மாதமும் போனோம். மதுரங்குளி தாண்டியதும் உம்மாவின் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இடது கை மட்டும் சீட்டில் என் பக்கமாகத் திறந்து கிடந்தது. வயது ஏறியும் புத்தி ஏறாத நான், தொண்டையைச் செருமி, மோதினாரைப் போல இல்லாத மைக்கைத் தட்டினேன்.

உம்மா திரும்பாமலே சொன்னார்:

"பகிடி பிறகு. கையப் பிடி."