லெச்சுமியின் மட்டையும் மூன்று தவணையும்

கடன் கொடுக்கும் வேலையில் கை எழுதப் பழகுமுன் காது பழகிவிடும். வாங்க வருகிறவரின் குரலும் கட்ட வருகிறவரின் குரலும் ஒன்றல்ல.

இதை வாசிக்கும் உங்களில் பலரிடம் இன்று ஒரு பிளாஸ்ரிக் அட்டை இருக்கும். மாதக் கடைசியில் வரும் கணக்கைப் பார்த்துவிட்டு, இவ்வளவும் நானா வாங்கினேன் என்று திரும்பவும் கூட்டிப் பார்த்திருப்பீர்கள். அந்த அட்டைக்கு வன்னியில் ஒரு தூரத்து உறவு இருந்தது. தொண்ணூறுகளில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் ஒதுங்கியிருந்தபோது, அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பகுதியில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. படித்த இலக்கியத்துக்கும் அந்த மேசைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் சோறு அந்த மேசையிலிருந்துதான் வந்தது.

சங்கம் தன் அங்கத்தவர்களுக்கு ஒரு கடன் அட்டை கொடுத்தது, ஊர் வாயில் அது மட்டை. அதைக் காட்டிச் சங்கக் கடையில் விதை, மண்வெட்டி, மண்ணெண்ணெய் எல்லாம் கடனாக எடுக்கலாம். பிறகு கட்டவேண்டும். அந்தப் ‘பிறகு’ என்ற சொல்லுக்குள்தான் என் வேலை முழுவதும் இருந்தது.

மூவாயிரம் யாருடையது?

மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ இல்லாதவருக்கு மட்டை தனியாகக் கிடைக்காது. மூன்று பேர் சேர்ந்து, ஒருவருக்கு ஒருவர் பிணை நின்று வரவேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் மூவரின் மட்டையும் மூடப்படும். அந்தத் தை மாதம் மூன்று பெண்கள் வந்தார்கள். ஒருவர் தங்கேஸ்வரி. இந்த மண்ணிலே பிறந்தவர், மிளகாய்த் தோட்டக்காரி, நீர் இறைக்கும் மிஷினுக்குச் சொந்தக்காரி. அவருடைய தங்கை இன்னொருவர். தமக்கை பேசும் இடத்தில் அவர் வாய் திறந்து நான் கண்டதில்லை. மூன்றாமவர் லெச்சுமி. மலையகத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பிப் பெற்றோரோடு வந்து குடியேறியவர். தங்கேஸ்வரியின் காணிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கச்சான், அதாவது நிலக்கடலை, போட இருந்தார். தண்ணீருக்குத் தங்கேஸ்வரியின் மிஷின்தான். அதற்கு ஊற்றும் மண்ணெண்ணெய் மூவர் பங்கு.

விதிகளை உரத்து வாசித்தேன். மட்டையின் எல்லை மூவாயிரம் ரூபா. எடுத்த கடனை மூன்று தவணைகளில் செலுத்தவேண்டும். ஒரு தவணையை முழுதாகக் கட்ட முடியாதவர் ஆகக் குறைந்த தொகையாவது கட்டினால் மட்டை மூடப்படாது, மிச்சத்துக்கு வட்டி ஏறும். அதுவும் கட்டாவிட்டால் தண்டவட்டி. இரண்டு தவணை தப்பினால் மட்டை மூடப்படும். பிறகு நிர்வாகக் குழு கூடித்தான் திறக்கவேண்டும். மூவரும் தலையாட்டினார்கள். தங்கேஸ்வரி மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூவாயிரம் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“அப்ப மிஸ், இது எனக்குத் தாற காசில்லை, நான் உங்களுக்குத் தரவேண்டிய காசை முன்கூட்டியே எழுதி வச்சிருக்கிறியள், என்ன?”

அட்டை வைத்திருக்கும் நண்பர்களே, இதைவிடச் சரியாக ஒருவரும் எனக்கு அதை விளக்கியதில்லை.

ஒரே கன்று

ஓய்வூதியக்காரர் ஒருவர் எங்களிடம் மட்டை வைத்திருந்தார். சுத்தமான வெள்ளை வேட்டி, சுத்தமான ஆங்கிலம். ஒவ்வொரு மாதமும் முதல் ஆளாக வந்து ஆகக் குறைந்த தொகையைக் கட்டுவார். ஒரு சதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கட்டிவிட்டு நேரே கடைப்பக்கம் போய்ச் சீனியும் சுருட்டும் கடனாக எடுப்பார். “விதிப்படி நடக்கிற ஒரு மனுசனாவது உங்களுக்கு இருக்கவேணும், பிள்ளை” என்பார்.

ஐயா, நீங்கள் கட்டுவதில் பெரும்பகுதி வட்டிக்குப் போகிறது, முதல் அப்படியே நிற்கிறது, அதற்கு மேலே சுருட்டும் ஏறுகிறது என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். விதியில் அனுமதி இருக்கிறதா இல்லையா என்று கேட்பார். இருக்கிறது என்று சொல்லவேண்டியிருக்கும். ஒருநாள் அவருடைய மனைவியும் கூட வந்திருந்தார். கணவர் பெருமையோடு ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

“வீட்டிலை ஒரு பூக்கண்டுக்குத் தண்ணி விடமாட்டார் மிஸ், உந்தக் கடனுக்கு மட்டும் மாசம் தவறாமல் தண்ணி விட்டு வளக்கிறார்.”

நன்றி சொல்லச் சொன்னார்

தையில் லெச்சுமி விதைக் கச்சானும் மண்வெட்டியும் தன் பங்கு மண்ணெண்ணெயும் எடுத்தார். அடுத்த மாதம் ஒரு சதமும் கட்டவில்லை. தங்கேஸ்வரியும் தங்கையும் தங்கள் பங்கைக் கட்டிவிட்டார்கள். விதிப்படி, “முதலாம் தவணை இதுவரை செலுத்தப்படவில்லை” என்று அறிவித்தல் எழுதி, சிற்றூழியர் சின்னராசாவிடம் கொடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. அதற்கடுத்த மாதம், “முதலாம், இரண்டாம் தவணைகள் செலுத்தப்படவில்லை” என்று இன்னொன்று.

அறிவித்தல் கொண்டுபோகிற ஆள் திரும்பி வரும் முகத்தைப் பார்த்தே அங்கே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். சிலர் அழுவார்கள், சிலர் ஒளிப்பார்கள், சிலர் நாயை அவிழ்த்து விடுவார்கள். சின்னராசா சைக்கிளைச் சாத்திவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“மிஸ், உவ கோவிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வாசிச்சுப்போட்டுச் சிரிக்கிறா. ‘அதுக்குள்ள ரெண்டாவதுக்குப் போயிட்டாங்களா, மொதலாவதே இன்னும் முடியல. ஆனாலும் மறக்காம ஞாபகப்படுத்துறாங்க, நன்றின்னு சொல்லுங்க’ எண்டு தேத்தண்ணியும் தந்து அனுப்பினவ.”

தண்ணி மட்டும்தான் தெரியும்

பங்குனி வெயிலில் மிளகாய்ச் செடி ஒருநாள் தண்ணீர் இல்லாவிட்டால் முகத்தைத் தொங்கப்போடும். நாலு நாள் விட்டால் பிறகு நிமிராது. அந்த வெயிலில் தங்கேஸ்வரி மண்ணெண்ணெய்க் கானோடு சங்கக் கடைக்கு வந்தார். கடைக்காரர் மட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, மூடியாயிற்று என்று என்னிடம் அனுப்பினார். பொருளாதாரத் தடை இருந்த அந்த நாட்களில் மண்ணெண்ணெயை வெளியே காசு கொடுத்து வாங்குவதென்றால் பெண்கள் காதில் கிடப்பதைக் கழற்றவேண்டும். தங்கேஸ்வரியின் காதில் அப்போது வேப்பங்குச்சிதான் இருந்தது.

லெச்சுமி இரண்டு தவணை தப்பவிட்டதால் மூவரின் மட்டையும் நின்றுவிட்டது என்று சொன்னேன். அவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. “உவள் ஒருத்தருக்கும் கடன் வைக்கிறவள் இல்லை” என்றார். பிறகு, “எல்லாம் கட்டுவன் கட்டுவன் எண்டாள், நானும் கட்டியிருப்பாள் எண்டு இருந்திட்டன்” என்றார். பூவும் பிஞ்சுமாக நிற்கும் செடிகளைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. விதியில் இடமில்லை, குழு கூடினால்தான் ஆகும் என்று நான் திரும்பவும் சொன்னேன். என் குரல் எனக்கே ரப்பர் முத்திரை குத்துவதுபோலக் கேட்டது.

“மிளகாய்க்கு உங்கடை விதி தெரியாது மிஸ், தண்ணி மட்டும்தான் தெரியும்.”

எந்தத் தவணை?

மறுநாள் காலை சங்கக் கந்தோர் திறக்குமுன் வாசலில் இருவரும் நின்றார்கள். தங்கேஸ்வரி லெச்சுமியின் முழங்கையைப் பிடித்தபடி இருந்தார். பின்வரும் உரையாடல் நடந்தது.

“சொல்லடி. மிஸ்ஸின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு. ஏன் கட்டேல்லை?”

“கட்டமாட்டேன்னு எப்பக்கா சொன்னேன்? தவணை முடியட்டும்னு இருக்கேன்.”

“ரெண்டு தவணை முடிஞ்சுது லெச்சுமி” என்றேன் நான்.

“இல்ல மிஸ். அடுத்த வாரந்தானே முடியுது.” லெச்சுமி மரியாதையோடு என்னைத் திருத்தினார். “மகளுக்குப் பரீட்சை நடக்குது. வெள்ளிக்கிழமை முடிஞ்சிரும். ரிப்போட் குடுத்து, பள்ளிக்கூடம் விட்டாத்தானே மொதலாம் தவணை முடிஞ்ச கணக்கு? அன்னிக்கே வந்து கட்டிருவேன். காசு எடுத்து வச்சிருக்கேன்.”

இடுப்பிலிருந்த சுருக்குப் பையை எடுத்து மேசையில் வைத்தார். களை பிடுங்கியும் தேங்காய் உரித்தும் சேர்த்த கூலி. கடனில் மூன்றில் ஒரு பங்கு சரியாக இருந்தது. தவணைக்கு ஒரு பங்கு என்பது அவர் கணக்கு. எங்கள் பள்ளிக்கூடங்களில் படிப்புப் பருவத்துக்கும் தவணை என்றுதான் பெயர், வருடத்தில் மூன்று தவணை. மட்டையிலும் மூன்று தவணை. இதில் சந்தேகப்பட அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. எங்கள் அறிவித்தல்களை அவசரக்காரரின் அன்பான நினைவூட்டல் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

மட்டையை எடுத்துத் திரும்ப வாசித்தேன். மேலும் வாசித்தேன், கீழும் வாசித்தேன். ‘மாதம்’ என்ற சொல் அதில் எங்கும் இல்லை. தங்கேஸ்வரி லெச்சுமியின் கையை விட்டுவிட்டுக் கதிரையில் அமர்ந்தார்.

“என்ரை மிளகாய்ச் செடி உன்ரை மகள் சோதினை எழுதி முடிக்குமட்டும் பாத்துக்கொண்டு நிக்குமோ, எடியே?”

குழு கூடியது

செடி காயுமுன் கூட்டம் கூட்டவேண்டும் என்று முகாமையாளரிடம் கேட்டேன். நல்ல மனிதர், ஆனால் சங்கத்தின் ஒவ்வொரு ரூபாவுக்கும் தன் தலையே பொறுப்பு என்று நித்திரையில்லாமல் இருப்பவர். அடுத்தநாளே கூடினார்கள். தலைவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே லெச்சுமியும், வெறும் கானைக் கீழே வைக்காமல் தங்கேஸ்வரியும் நின்றார்கள்.

“கடன் எண்டால் மாதத் தவணைதான் மாஸ்டர். ஊரறிஞ்ச விசயம். அதை எழுதவேணுமோ?” என்றார் முகாமையாளர். தலைவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு மட்டையை வாசித்தார். “கோட்டிலை வழக்கைத் தவணை போடுறாங்கள், அது ஒரு கணக்கு. பள்ளிக்கூடத்திலை இன்னொரு கணக்கு. நான் காலம் முழுக்க ‘முதலாம் தவணை’ எண்டு கரும்பலகையிலை எழுதினனான் தம்பி. இந்த மட்டையை என்ரை கையிலை தந்திருந்தால் நானும் சித்திரையிலைதான் வந்து நிண்டிருப்பன்.” முகாமையாளர் விடவில்லை. இவருக்கு விட்டால் நாளைக்கு எல்லோரும் பிள்ளையின் ரிப்போட்டைக் கொண்டுவந்து நிற்பார்கள், சங்கம் எதை வைத்து அடுத்த போகத்துக்கு விதை வாங்குவது என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். வெளியே கானின் கைப்பிடி கிறீச்சிட்டது.

முடிவு இப்படி வந்தது. லெச்சுமி கையிலிருப்பதை உடனே கட்டவேண்டும். கட்டினால் அன்றே மூன்று மட்டையும் திறக்கப்படும். பிழை மட்டையிலும் இருந்தபடியால் தண்டவட்டி இல்லை. மிச்சத்தை அவர் விளங்கிக்கொண்டபடியே பள்ளிக்கூடத் தவணைகளில் கட்டலாம். சாதாரண வட்டி மட்டும் ஏறும். தலைவர் கையெழுத்து வைத்தபின் முகாமையாளர் என் பக்கம் திரும்பினார்.

“அக்கா, நாளைக்கே எல்லா மட்டையிலையும் ‘மாத’ எண்டு எழுதிப்போடுங்கோ, இல்லாட்டி ஊர் முழுக்க எங்களிட்டைப் படிக்க வந்திடும்.”

ஒரு சந்தேகம்

தங்கேஸ்வரி கானை நிரப்பிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். பின்னேரம் சங்கத்திலிருந்து வீட்டுக்குப் போகும்போது அந்தப் பக்கம் மிஷின் சத்தம் கேட்டது. யாப்பிலக்கணம் படித்த காது இது. அன்று அந்த டக்கு டக்குக்கு ஈடாக ஒரு சந்தமும் நினைவுக்கு வரவில்லை.

அதற்கு முன், லெச்சுமி சுருக்குப் பையைக் கவிழ்த்துக் கட்டி முடித்து, ரசீதை வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றார். ஒரு சந்தேகம் என்றார்.

“தவணை லீவு விடுவாங்கல்ல மிஸ், அந்த நாள்ல வட்டி ஏறுமா?”

ஏறும் என்றேன். ஞாயிறும் ஏறும், பொங்கலன்றும் ஏறும், நாமெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு தெருவில் நடக்கும் நாளிலும் ஏறும் என்றேன். வருடம் முழுவதும் இழுத்தால் எவ்வளவு, அடுத்த இரண்டு மாதத்தில் முடித்தால் எவ்வளவு என்று ஒரு காகிதத் துண்டில் போட்டுக் காட்டினேன். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். குழு பெருந்தன்மையாகக் கொடுத்த நீண்ட தவணைதான் விலை கூடியது என்று அவருக்குப் பிடிபட்டது. மகளுக்கென்று வளர்க்கும் ஆடு ஒன்று நிற்கிறது, விற்கலாம், கச்சானும் அதற்குள் கைக்கு வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு துண்டை என்னிடமே திருப்பித் தந்தார்.

“லீவே விடாத பள்ளிக்கூடமா இருக்கே மிஸ், ரெண்டு மாசத்துல பாஸ் பண்ணிட்டுப் போயிடுறேன்.”

சொன்னபடியே இரண்டு மாதத்தில் கட்டி முடித்துவிட்டுப் போய்விட்டார். கடனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே சொல்லைக் கொடுத்த நம் தமிழ், விடுமுறையை மட்டும் ஒரு பக்கத்துக்கே கொடுத்துவிட்டது.