வலையைப் பிடிக்கச் சொன்னவர்

துறைமுகத்தில் நான் ஓட்டிய, சரக்குத் தூக்கும் வின்ச்சிலிருந்து மூட்டைகள் சரிந்து, கூட வேலை செய்தவர் இறந்துபோனார். உன் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு மத்தியானம் ராயபுரம் கடலில், போட்டிருந்த சட்டையோடு, இடுப்பளவு தண்ணீர்வரை இறங்கிவிட்டேன்.

“நைனா, இங்க வா. இந்த வலைய இழுத்துப் புடிச்சிக்கினு குந்து. ஒண்டியா முடியல.”

கூப்பிட்டவர் கரையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். உப்பேறி வெளுத்த புருவம், கழுத்துக் கயிற்றில் சிறு சிலுவை. பேசும்போது முகம் பார்க்கமாட்டார். கண் வலையிலேயே இருக்கும்.

போய்ப் பிடித்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

“அழுவுறதுன்னா அழுவு. கைய மட்டும் வுட்டுடாத.”

அழுதேன். அந்த வலைமேலேயே தூங்கியும் போனேன். விழித்தபோது என்மேல் அவருடைய துண்டு கிடந்தது.

“நாளைக்கும் வா. நெறைய கிழிசல் கீது.”

பன்னிரண்டு நாள் போனேன். பிறகு வேலைக்குத் திரும்பினேன்.

சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது தூரத்திலிருந்தே அவரைப் பார்த்தேன். வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டு, தனியாக, மளமளவென்று தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்களும் அப்படித்தான் தைத்தார்கள்.

நான் பிடித்த நாட்களில் அவருக்குப் பாதி வேலைகூட நடந்திருக்காது.