மலை ஏறி வந்த பதினொரு கப்பல் புத்தகங்கள்

கடலை ஒரு தடவைகூடப் பார்க்காதவங்களுக்குக் கப்பல் புத்தகம் இரவல் கொடுத்துப் பார்த்திருக்கீங்களா? நான் கொடுக்கிறேன். இலங்கை மலையகத்தில் வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், முன்பு வேலைக்குப் போகிறவங்க கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவாக இருந்த கட்டடத்தில் நடக்கிற வாசிகசாலைக்கு நான்தான் பொறுப்பு. புத்தகத்தைக் கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குவதுதான் பாடு என்று இந்தத் தொழிலில் இருக்கிற நீங்க எல்லாரும் சொல்வீங்க. எனக்குக் கொடுப்பதே பெரும்பாடாக இருந்தது.

தோட்டத்துப் பங்களாவில் கொஞ்ச நாள் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டியை எங்களுக்கு விட்டுப் போனார். உள்ளே பதினொரு புத்தகம். எல்லாம் பாய்மரக் கப்பல் காலத்துக் கடற்படைச் சரித்திரம், ஒன்று மட்டும் தேயிலைக் கப்பல் பற்றியது. ஆங்கிலத்தில், நிறையப் படங்களோடு. நான் சாதாரண தரப் பரீட்சை வரை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஒரு கையில் அகராதி, இன்னொரு கையில் ஒன்றரை வயது மகள் என்று உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகத்தின் சாரத்தையும் தமிழில் ஒரு நோட்டுக் கொப்பியில் எழுதினேன். புத்தகத்தை எடுத்தால் கொப்பியும் கூடவே போகும்.

வாசிகசாலைத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. “பொங்கலுக்குள்ள இதுகளை யாரும் எடுக்கலேன்னா, ராக்கையைக் காலி பண்ணிட்டு ஸ்காலர்ஷிப் வினாத்தாள் அடுக்கிடுவோம்மா” என்று சொல்லிவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

சும்மா நிற்கிறவர்

முதலில் வந்தது செல்வராணி அக்கா. ஏழாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துவிட்டு, கறை பிடித்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே பெரிய புத்தகத்தைத் திறந்தாங்க. ஒரு போர்க்கப்பலின் மேல்தளம். அதில் நாற்பது ஐம்பது பேர். “இந்தா, பின்னால ஒசரத்துல நிக்கிறாரே, இவருதான் தொரை. கயித்தைக் கையில சுத்திக்கிட்டுக் கத்துறாரே, இவரு கங்காணி. இந்த மூஞ்சி கிளாக்கரு” என்று விரலை வைத்துச் சொன்னாங்க.

நான் அகராதியைப் புரட்டி, படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தேன். கப்பல் தலைவன், மாலுமிகளை வேலை வாங்குகிறவன், கணக்கெழுதுகிறவன். மூன்றும் சரி! விடிய முன்னமே எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள் என்று போட்டிருந்ததைப் படித்துக் காட்டினேன். “அட, நம்ம பெரட்டு!” என்று ஒரே சிரிப்பு. இங்கிலீஷ் தெரியாமல் எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க என்றேன். “இதுக்கு இங்கிலீஷ் எதுக்கு தங்கச்சி? யாரு சும்மா நிக்கிறாங்கன்னு பாத்தா போதாதா?”

ஒரு கை போதுமாம்

புயலில் பாய்மரத்தில் ஏறுகிற மாலுமி ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால்தான் வேலை செய்ய வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதியிருந்தேன். மழைக்கு ஒதுங்கி வந்த நாலைந்து பேருக்கு அதை வாசித்துக் காட்டினேன். ஐயோ பாவம் என்று சொல்வார்கள் என்று பார்த்தால், செல்வராணி அக்கா காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சொன்னாங்க: “குடுத்து வச்சவன். எங்களுக்கு ரெண்டு கையும் கொழுந்துக்குத்தான். வழுக்கினா இடுப்பாலதான் புடிச்சுக்கணும்.”

ஈயத்தாள்

பேக்டரியில் தேயிலைப் பதம் பார்க்கிற டீமேக்கர் ஐயா சாதாரணமாக யாரையும் மெச்சுகிறவர் இல்லை. தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், சென்ட் போட்டுக்கொண்டு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர். சீனாவிலிருந்து லண்டனுக்குத் தேயிலை ஏற்றிக்கொண்டு பாய்மரக் கப்பல்கள் போட்டி போட்டு ஓடிய புத்தகத்தை அவரிடம் கொடுத்தேன். மறுநாளே கோபமாக வந்தார். “மூணு மாசத்துக்கு மேல கடல்ல! உப்புக் காத்து, தாரு நாத்தம்! அதையும் காய்ச்சிக் குடிச்சானுங்களா?”

கொப்பியை இன்னும் இரண்டு பக்கம் தள்ளிப் படியுங்க ஐயா என்று அனுப்பிவைத்தேன். ஒரு வாரம் ஆளைக் காணவில்லை. பிறகு வந்து புத்தகத்தை மேசையில் மெதுவாக வைத்தார். பெட்டிக்குள்ளே ஈயத்தாள் ஒட்டி, தண்ணீர் படாத இடமாகப் பார்த்து அடுக்கியிருக்கிறார்கள் என்று எனக்கே பாடம் நடத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “கப்பலை ஓட்டினவனுக்குத்தான் பேரு. நனையாம கொண்டுபோய்ச் சேத்தான் பாரு, அவன்தான் நம்ம ஆளு.”

கடலைத் தின்றவள்

பிள்ளை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவங்களுக்கு இது புரியும். ஒரு நிமிஷம்தான் திரும்பினேன். மகள் ஒரு வரைபடத்தின் மூலையை மென்று முழுங்கிவிட்டாள். எந்தெந்த இடத்தில் கப்பல் முழுகியது என்று சிலுவை போட்டுக் காட்டிய மூலை. சேதப் பதிவேட்டில் ‘சேதப்படுத்தியவர்: என் மகள்’ என்று நானே எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அதைப் பார்த்த மேரி டீச்சர், டீமேக்கர் ஐயாவின் மனைவி, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாங்க: “நல்ல வேலை செஞ்சடி கண்ணு. இனி அங்க ஒருத்தரும் சாக மாட்டாங்க.”

காலி ராக்கை

பொங்கலுக்கு முந்திய கூட்டத்துக்குத் தலைவர் வினாத்தாள் கட்டோடு வந்தார். கப்பல் ராக்கையில் ஒரு புத்தகமும் இல்லை. “பரவாயில்லையே, சொல்லாமலே காலி பண்ணிட்டியே!” என்று சந்தோஷப்பட்டார். நான் இரவல் பதிவேட்டைத் திறந்து நீட்டினேன். பதினொன்றும் வெளியே போயிருந்தன. காத்திருப்பவர்களின் பேர் கீழே ஒரு பக்கம். அவர் விடவில்லை. “எடுத்தாங்க, சரி. வெள்ளக்காரன் கப்பலைப் படிச்சு நமக்கு என்னம்மா ஆகப்போகுது?”

பின்னால் இருந்து செல்வராணி அக்கா எழுந்தாங்க. “அவன் பீரங்கி, வரைபடம் எல்லாம் வச்சுக்கிட்டு வந்தான். நம்ம ஆளுங்க நீச்சல்கூடத் தெரியாம இந்தியாவுல இருந்து தோணியில கடல் தாண்டி, காட்டு வழியா இந்த மலைக்கு நடந்தே வந்தாங்க. பதினொரு புத்தகத்துலயும் இந்தத் தங்கச்சியைத் தேடச் சொன்னேன், நம்மளப் பத்தி ஒரு வரி இல்ல. பன்னெண்டாவது கொப்பியை நம்ம தங்கச்சி எழுதட்டும். எழுதுறவரைக்கும் ராக்கை இருக்கட்டும்.” கைதட்டினதில் என் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

வினாத்தாளுக்கு ஜன்னலோரம் வேறு ராக்கை அடிப்பதென்று முடிவானது. எல்லாரும் கலைந்த பிறகும் தலைவர் போகாமல் நின்றார். அவருடைய பூட்டனும் தோணியில் வந்தவராம். பேர், ஊர், கூட வந்தவர்கள் என்று எல்லாம் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். கடற்படைச் சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் வந்திருக்கக்கூடிய தொல்லை எனக்கும் வந்தது. வாசல் வரை போனவர் திரும்பி வந்து கேட்டுக்கொண்டார்: “வழி பூரா வாந்தி எடுத்துக்கிட்டே வந்தாராம்மா, அதை மட்டும் எழுதிடாத.”