விளிம்பு கருகிய தொப்பி

முனியராஜுக்கு எந்த வேலையும் ஆறு மாதத்துக்கு மேல் ஒட்டியதில்லை. அச்சகத்தில் காலண்டருக்குத் தகரம் அடித்தான், வேன் ஓட்டினான், தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றினான். யாரோடும் சண்டை போட்டு வெளியேறியவன் இல்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கால் ஆடத் தொடங்கும். கால் ஆடினால் மனசும் கிளம்பிவிடும். எம். புதுப்பட்டியில் அவன் குடும்பம் ஓடியது மனைவி மாரிசெல்வியால். பதினாறு வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிறவள். காலை ஏழு மணி வேனில் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள்.

அவள் போன பிறகு இவனுக்கு இன்னொரு தொந்தரவு. எங்கே கதவு அறைந்தாலும், லாரி டயர் வெடித்தாலும், வாசலுக்கு ஓடி வந்து வானத்தைப் பார்ப்பான். புகை தெரியாவிட்டால் உள்ளே போவான். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவையாவது இது நடக்கும்.

தொப்பிகள் அவனிடம் வந்தது தற்செயல்தான். பட்டாசுக் குழாய் சுற்றுவதற்கான பழைய காகிதம் வந்து இறங்கும் குடோனில் அப்போது அவனுக்கு வேலை. கொடைக்கானலிலிருந்து வந்த லோடில் ஒரு சாக்கு நிறையத் தொப்பிகள் கிடந்தன. ஏதோ பழைய பங்களாவைக் காலி செய்தவர்கள் காகிதத்தோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். முயல் முடியை அழுத்திச் செய்த, அந்தக் காலத்து ஃபெல்ட் தொப்பிகள். குடோன்காரர் குப்பையில் போடச் சொன்னார். இவன் சாக்கோடு வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டான்.

முதல் தொப்பியை வெந்நீரில் முக்கித் துவைத்தான். காய்ந்தபோது அது தேங்காய்ச் சிரட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மாரிசெல்வி இரண்டு நாள் நினைத்து நினைத்துச் சிரித்தாள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. போனில் வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களைத் தேடிப் பிடித்து, பேச்சு புரியாததால் அவர்கள் கைகளை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டான். தண்ணீர் ஆகாது, ஆவிதான் காட்ட வேண்டும். பிரஷ்ஷை முடி படிந்த திசையிலேயே இழுக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சூடான தவிட்டைத் தேய்த்து உதற வேண்டும். பூச்சி அரித்த இடத்தை நைஸான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் வடு மறையும். ஆசாரியிடம் சொல்லிப் பூவரச மரத்தில் மனிதத் தலை மாதிரி ஒரு கட்டை செய்து வாங்கினான். ஆவியில் இளகிய தொப்பியை அதில் மாட்டி இறுக்கினால் பழைய உருவம் திரும்பியது. குடோன் வேலையை விட்டான்; ஆறாவது மாதம் முடிந்தும் இதை விடவில்லை. செய்து முடித்தவற்றை ஊட்டிக் கடைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் இவனைப் பற்றிக் கேள்விப்பட்டு மல்லாங்கிணற்றிலிருந்து ஒச்சப்பன் வந்தார். வால்பாறை டீ எஸ்டேட்டில் முப்பது வருடம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே தினமும் போட்ட பழுப்புத் தொப்பி, பெட்டியில் கிடந்து நசுங்கிப் பூஞ்சை பிடித்திருந்தது. பழைய எஸ்டேட்காரர்கள் ஒன்றுகூடப் போகிறார்களாம். அதைப் போட்டுக்கொண்டு போனால்தான் தன்னை அடையாளம் தெரியும் என்றார். பதினைந்து நாள் தவணை கொடுத்தார்.

நாலாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். கேஸ் அடுப்பில் இட்லிக் கொப்பரை கொதிக்க, அதன்மேல் கம்பி வலையில் தொப்பியைக் கவிழ்த்துவிட்டு முனியராஜ் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் கேட்டது. கதவுமில்லை, டயருமில்லை, தரையே ஒரு தடவை குதித்தது. வாசலுக்கு வந்து பார்த்தான். மாரிசெல்வி வேலை பார்க்கும் திசையில் வெள்ளைப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

செருப்பில்லாமல் ஓடினான். மூன்று கிலோமீட்டர் எப்படிக் கடந்தான் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. போலீஸ்காரர்கள் மறித்த இடத்தில், கருவேல மரத்தடியில் பெண்கள் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் மாரிசெல்வி இருந்தாள். இவனைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"பக்கத்துக் கம்பெனி. எங்களது இல்ல," என்றாள். பிறகு, "ராமுத்தாய் அங்கனதான இருந்தா," என்றாள்.

ராமுத்தாய் அவர்கள் தெருக்காரி. அவள் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்தபோது முடி பொசுங்கிய நாற்றம் தெருவரைக்கும் அடித்தது. அடுத்த வீட்டு வெள்ளைத்தாய்தான் உள்ளே போய் அடுப்பை அணைத்திருந்தாள். தண்ணீர் வற்றிக் கொப்பரை கறுத்து, ஒச்சப்பன் தொப்பியின் விளிம்பு ஓரத்தில் உள்ளங்கை நீளத்துக்குக் கருகிப் போயிருந்தது. முனியராஜ் அதைப் பரணில் தூக்கிப் போட்டான். இந்த வேலையும் முடிந்தது என்று நினைத்தான்.

ராமுத்தாய் செத்த துட்டி வீட்டுக்கு மாரிசெல்வி நாலைந்து நாள் போய்வந்தாள். கம்பெனிகளைச் சோதனைக்காக மூடியிருந்தார்கள். வெறுங்கையோடு உட்கார அவளாலும் முடியவில்லை. ஒருநாள் பரணிலிருந்து தொப்பியை எடுத்து, கருகிய இடத்தின் அகலத்தை விரலால் அளந்தாள்.

"சுத்தி ஒரு விரக்கடை வெட்டிட்டா தெரியாது," என்றாள்.

அவன் வேண்டாம் என்றான். கோணினால் மொத்தமும் போய்விடும். அவள் கேட்கவில்லை. தொப்பியை மடியில் வைத்து, பிளேடை ஒரே இழுப்பாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிக் கொண்டுவந்தாள். எங்கேயும் ஒரு மயிரளவு ஏறவில்லை, இறங்கவில்லை. அதன்பின் தவிடு தேய்ப்பது, ஆவி காட்டுவது, நாடா தைப்பது எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்தே செய்தார்கள்.

தவணை நாளன்று இருவரும் பஸ் ஏறினார்கள். விளிம்பு முதலிலேயே அரித்திருந்தது என்று சொல்லிவிடலாம் என்பது முனியராஜின் யோசனை. நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லிவிட்டாள் மாரிசெல்வி. ஒச்சப்பன் வீட்டில் நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

பெரியவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். அவர் முகம் கடுத்திருந்தது. விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"வால்பாறை மழைக்கு இது பத்தாது," என்றார். "வெயிலுக்குப் போதும்." பிறகு மாரிசெல்வி பக்கம் திரும்பினார். "நீ அந்தக் கம்பெனியிலயா தாயி இருக்க?"

"பக்கத்துல, ஐயா."

அவர் தன் மனைவி வீரலட்சுமியைக் கூப்பிட்டு, இருவருக்கும் சாப்பாடு போடச் சொன்னார்.

நாற்பது நாள் கழித்துக் கம்பெனி திறந்தது. போக வேண்டாம் என்று முனியராஜ் சண்டை போட்டான். தீபாவளி சீசன் முடியட்டும் என்று சொல்லிவிட்டு அவள் வேன் ஏறினாள். சொன்னபடியே சீசன் முடிந்ததும் வேலையை விட்டு நின்றாள். இப்போது வெட்டுவதும் தைப்பதும் அவள். மலையூர்களுக்குப் போய்ப் பழைய தொப்பி தேடிப் பிடிப்பது அவன். பஸ்ஸில் எங்காவது சத்தம் கேட்டால் இன்னும் போனை எடுத்து வீட்டுக்குத்தான் அடிக்கிறான். அவள் எடுத்து, "இருக்கேன், சொல்லுங்க," என்கிறாள்.