கொழம்பு, கருவாடு, கோழித்தீனி

மடவை மீனின் செவுளை விரலால் விரித்துப் பார்த்துவிட்டு, கூறுக்கு விலை கேட்டுக்கொண்டே ஆதிநாராயணன் சொல்கிறார்: "அதுவா? கோழித்தீனி. பஸ் காச மிச்சம் பண்ணுங்க." மீனைப் பற்றி அல்ல; மீன் நன்றாகத்தான் இருக்கிறது. முந்தின நாள் பொன்னேரியில் பார்த்துவிட்டு வந்த படத்தைப் பற்றி. கூடையோடு நிற்கும் பெண்களின் முகம் வாடுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டிருந்த திட்டம் அங்கேயே கலைந்துபோக, ஏலம் அடுத்த கூறுக்கு நகர்கிறது.

லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் ஏலம் விடுகிறவர் அவர். அறுபதைத் தாண்டியும் தொப்பை விழாத உடம்பு. குரல் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் மாலையே பொன்னேரிக்குப் பஸ் ஏறிவிடுவார். சனிக்கிழமை காலை, ஏலத்தோடு ஏலமாகத் தீர்ப்பும் வந்துவிடும். மொத்தம் மூன்றே தீர்ப்புதான். 'கொழம்பு' என்றால் சுடச்சுடப் போய்ப் பார்க்க வேண்டியது. 'கருவாடு' என்றால் அவசரமில்லை, டிவியில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். வலையில் சிக்கிய, யாரும் தின்னாத பொடிசுகள் லாரி ஏறிக் கோழிப் பண்ணைக்குப் போகும். அந்த லாரியில் ஏற்ற வேண்டிய படம் 'கோழித்தீனி'.

நான் காட்டூர்க்காரன், நெல் போடுகிற குடும்பம். மீன் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சனிக்கிழமைதோறும் வண்டியை எடுப்பேன். பாதி இந்தத் தீர்ப்புக்காகத்தான். பத்திரிகைகள் கொடுக்கும் இரண்டரை நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் போவதா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது? முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதியில் கத்திரி போட்டிருக்கலாம், ஒளிப்பதிவு அருமை என்று எல்லாரையும் தடவிக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆதிநாராயணனுக்குத் தடவத் தெரியாது. ஒரு பொங்கலுக்குப் பெரிய நடிகரின் படம் வந்தது. பேனர் கட்டிப் பால் ஊற்றிவிட்டு வந்த இளவட்டங்களிடமே, "ஐஸ்ல வச்சி வச்சி பளபளன்னு காட்டறான். செவுளத் தொறந்தா வெளுத்துப் போயி கீது" என்றார். கொஞ்ச நாள் அவரோடு பேசாமல் முறுக்கிக்கொண்டு திரிந்தவர்கள், படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்து அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

முன்பெல்லாம் அவர் வீட்டிலிருந்து தீர்ப்பு ஒன்றல்ல, இரண்டு வரும். பழவேற்காட்டில் தகரக் கொட்டகை இருந்த காலத்திலிருந்தே அவர் மனைவி பொன்னியம்மாளும் கூடப் போவார். இவர் முணுமுணுப்பார், அவர் அழுவார். எந்தப் படமானாலும் அழுவார். ஏரிக்காற்று வேகமாக அடித்தால் திரை உப்பி, கதாநாயகியின் முகம் ஒரு பக்கம் வீங்கும். பொன்னியம்மாள் அதற்கும் சேர்த்து அழுவார். திரும்பும் வழியில், மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இருவருக்கும் சண்டை நடக்கும். "அழுவறதுக்கு நல்ல படம் இன்னா, கெட்ட படம் இன்னா?" என்பது பொன்னியம்மாளின் கட்சி. மறுநாள் இவர் கோழித்தீனி என்று அறிவித்த படத்துக்கு, கருவாடு காயவைக்கும் இடத்திலிருந்து அவர் ரகசியமாக ஆள் சேர்த்து அனுப்புவார். கொட்டகை போய், அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் வந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் குப்பத்தில் படப்பிடிப்பு நடந்தது. சின்னப் படம், எல்லாரும் புதுமுகங்கள். கருவாட்டுக் கூடையோடு ஒரு பெண் கரையில் நடக்க வேண்டும் என்றார்கள், பொன்னியம்மாள் நடந்தார். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவர் எழவில்லை. படம் அதற்கப்புறம், இந்த ஆடியில்தான் வெளிவந்தது. வீட்டில் இருப்பதோ மாலை போட்ட ஒரே ஒரு போட்டோ. பொன்னியம்மாள் நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஆதிநாராயணன் பொன்னேரிக்குத்தான் போக வேண்டும். அதுவும் அந்தக் காட்சியை வெட்டி எறியாமல் விட்டிருந்தால்.

வெள்ளிக்கிழமை குப்பமே வேன் பிடித்துப் போனது, என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். படம் மோசம். கடலுக்குப் போய்க் கரையேறும் கதாநாயகனின் வலை மொடமொடவென்று காய்ந்து கிடக்கிறது. அதையாவது மன்னிக்கலாம். காதலிக்கு எதற்குக் கோபம், வில்லனுக்கு எதற்குக் கோபம் என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை. இடைவேளை வந்தும் பொன்னியம்மாள் வரவில்லை. ஆதிநாராயணன் வெளியே போகாமல், வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கதை முடியப்போகிற நேரத்தில்தான் பொன்னியம்மாள் வந்தார். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்து, சட்டென்று நம் பக்கம் திரும்பிப் பார்த்தார். கேமராவைப் பார்க்கக் கூடாது என்று அவ்வளவு சொல்லியும் பார்த்துவிட்டாராம். படப்பிடிப்பு அன்று கேமராவுக்குப் பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர் ஆதிநாராயணன். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். நானும் அழுதேன், சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் காலை கரையில் வழக்கத்தைவிடக் கூட்டம். கொழம்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுற்றியுள்ள குப்பங்கள் எல்லாம் கிளம்பும். படம் இன்னும் ஒரு வாரம் ஓடும். அவர் தினமும் போய் மனைவியைப் பார்த்துவிட்டு வரலாம். இல்லையென்றால் ஞாயிறோடு தூக்கிவிடுவார்கள். டிவிக்கோ செல்போனுக்கோ இந்தப் படத்தை வாங்க ஆள் இல்லை என்று படக்காரர்களிடம் விசாரித்த அவர் தம்பி மகன் பூவரசன் சொல்லியிருந்தான். எங்களில் யாராக இருந்தாலும் கூசாமல் சொல்லியிருப்போம். சொல்லித் தொலையுங்களேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கடைசிக் கூறும் போனபிறகு, மீன் விற்கிற செவ்வந்திதான் பொறுக்க முடியாமல் படம் எப்படி என்று கேட்டாள்.

அவர் குனிந்து அலையில் கையைக் கழுவினார். "கோழித்தீனி" என்றார். ஈரக் கையை உதறிக்கொண்டே, "அவ வந்தாளேன்னு நான் மாத்திச் சொல்ல முடியுமா? நாளிக்கி என் வாய எவன் நம்புவான்?" என்றார். ஐஸ் பெட்டிகளை வண்டியில் ஏற்றத் தொடங்கினார்கள்.

ஞாயிறு மாலைக் காட்சிக்கு நான் போனேன். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் சலவை வேட்டியோடு ஆதிநாராயணன் நின்றிருந்தார். ஆளே இல்லை, இப்படி இருந்தால் படம் போட முடியாது என்று உள்ளிருந்தவர் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் வாதாடவில்லை. என்னைப் பார்த்ததும், போஸ்டரைப் படிக்கிறவர்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் சேர்ந்தால் இரண்டு பேர். இரண்டு பேருக்காக எந்தத் தியேட்டரில் படம் ஓட்டுவார்கள்?

அப்போது வாசலில் ஷேர் ஆட்டோக்கள் வந்து நின்றன. செவ்வந்தி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் கருவாட்டுக்காரப் பெண்கள், பூவரசன், கரையில் நான் சனிக்கிழமைதோறும் பார்க்கிற முகங்கள். ஆதிநாராயணனுக்குக் கோபம் வந்துவிட்டது. தண்டம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் யார் உங்களை வரச் சொன்னது என்று கேட்டார். அந்தக் கரையில் அவர் தீர்ப்பை மீறி இப்படிக் கூட்டமாக ஒருவரும் படம் பார்க்க வந்ததில்லை, பொன்னியம்மாள் திருட்டுத்தனமாக அனுப்பிவைத்தவர்களைத் தவிர.

"நீ சொன்னா நம்பிடுவமா மாமா? படத்தப் பத்தி ஒனக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் செவ்வந்தி உள்ளே நடந்தாள்.

விளக்கு அணைந்தது. அதே படம்தான், இரண்டு நாளில் ஒன்றும் திருந்திவிடவில்லை. ஆனால் ஒருவரும் முணுமுணுக்கவில்லை, ஒருவரும் எழுந்து போகவில்லை. நெடுநேரம் கழித்துப் பொன்னியம்மாள் கூடையோடு கரையில் நடந்து வந்து, திரும்பி எங்களைப் பார்த்தார். எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆதிநாராயணன் வலது கையை உயர்த்தி, இந்தப் பக்கம் பார்க்காதே, நேராகப் பார்த்து நட என்று அவருக்குச் சைகை காட்டினார்.